விளக்கு எரியுது, சக்கரம் இழுக்கலை

மூணு வாரமா இங்க எதுவும் எழுதலை. ரெண்டு மூணு பேர் ஃபோன் பண்ணி உடம்புக்கு என்னன்னு கேட்டீங்க. உடம்பு நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் மக்கர் பண்ணிடுச்சு.

வண்டின்னா என்னோட பழைய பிக்கப், செகண்ட் ஹேண்டுல வாங்கினது. இன்ஜின் ஓடும், கியர் விழும், தார் ரோட்டுல எண்பதுல போகும். ஃபோர் வீல் டிரைவ் மட்டும் வேலை செய்யலை. "ரெண்டு சக்கரம் இழுத்தாப் போதாதா, மூணரை ஏக்கர்காரனுக்கு எதுக்கு ஃபோர் வீல்?"னு போன வருஷமே சென்னையில இருந்து ஒருத்தர் கேட்டார். இப்பப் பதில் சொல்றேன்.

எங்க தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு ஓடை இருக்கு. கொல்லிமலைப் பக்கம் மழை பேஞ்சா சுவேத நதியில தண்ணி வரும், எங்க ஓடையிலயும் வரும். ஐப்பசி, கார்த்திகையில ஓடையோட ரெண்டு கரையும் களியாயிடும். வெறும் வண்டின்னா எப்படியோ தாண்டிடலாம். ஒன்றரை டன் குச்சிக்கிழங்கை ஏத்திக்கிட்டுத் தாண்டணும்னா முன் சக்கரமும் இழுக்கணும். குச்சிக்கிழங்குன்னா நீங்க மரவள்ளின்னு சொல்றீங்களே, அதுதான். ஜவ்வரிசி அதுல இருந்துதான் வருது.

கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கற வரைக்கும் பொறுமையா இருக்கும். புடுங்கிட்டா பொறுக்காது. சேகோ ஆலையில மாவுச்சத்து எத்தனை பாயிண்டுன்னு பாத்துத்தான் விலை போடுவாங்க. புடுங்கி ரெண்டு நாள் கிடந்தா உள்ள நீலக்கோடு ஓடும், பாயிண்ட் இறங்கும். அதனால ஆள் விட்டுப் புடுங்கின அன்னைக்கே, இல்லைன்னா மறுநாள் காலையில ஆலை வாசல்ல நிக்கணும்.

அன்னைக்கு ஏழு ஆள் விட்டுப் புடுங்கியாச்சு. சாயங்காலம் லோடு ஏத்தி ஓடைக்கரையில நிறுத்தி, நாப்பைத் திருப்பினேன். டேஷ்போர்டுல பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. கீழ இருந்து 'டக்'குன்னு சத்தமும் வந்துச்சு. எல்லாம் சரின்னு நெனச்சு இறக்கினேன். பின் சக்கரம் ரெண்டும் குழி பறிச்சுச்சு. முன் சக்கரம் சாமி மாதிரி சும்மா நின்னுச்சு. விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

ராத்திரி எட்டு மணிக்கு டிராக்டர் தேடிப் பிடிச்சு, லோடை இறக்கி, வண்டியை இழுத்து, திரும்ப ஏத்தி, ஆலைக்குப் போய்ச் சேர்ந்தப்ப மூணாம் நாள். ரெண்டு பாயிண்ட் போச்சு. ஆள் கூலி ரெண்டு தடவை. அதைப் பத்திக்கூட நான் இங்க புலம்ப வரலை. அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம்.

டவுன்ல இருக்கற கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எந்தக் கம்பெனின்னு எழுதப் போறதில்லை, எழுதினா அந்த ஒரு கம்பெனியோட தப்பு மாதிரி ஆயிடும். ஒரு தம்பி வந்து வண்டியில லேப்டாப்பைச் சொருகிப் பாத்தார். "சிஸ்டம்ல எந்த ஃபால்ட்டும் காட்டலைங்க சார்"னார். சந்தோஷம், அப்ப ஏன் இழுக்கலை? "அப்படின்னா மெக்கானிக்கல் பிராப்ளம் சார். முன் ஹப் ரெண்டும் அசெம்ப்ளியா மாத்திப் பாக்கணும். அதுலயும் சரியாகலைன்னா டிரான்ஸ்பர் கேஸ் மோட்டாரை மாத்திப் பாக்கணும்." எஸ்டிமேட் 74,000 ரூபாய்.

மாத்திப் பாக்கணுமாம். அந்த வார்த்தையை வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் மென்னுக்கிட்டே வந்தேன். வயித்துவலின்னு போனவனை, குடலை மாத்திப் பாக்கலாம்னு எந்த டாக்டராவது சொல்லுவாரா? எங்கே போயிருக்குன்னு தெரிஞ்சா அதை மாத்தலாம். தெரியாம மாத்திப் பாக்கறதுக்கு என் காசு எதுக்கு? அந்தத் தம்பியைக் குத்தம் சொல்லலைங்க. பேசிப் பாத்தா அவரும் ஆத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி பையன்தான். பிரிச்சுப் பாக்க அவருக்கு அனுமதி இல்லை. லேப்டாப் சொன்னதைச் சொல்லலாம், லிஸ்டுல இருக்கற பாகத்தை மாத்தலாம், அவ்வளவுதான் அவர் வேலை.

எங்க ஊர்ல ஒரு பட்டறைக்காரர் இருக்கார். அறுபது தாண்டிட்டார். கொல்லிமலைக்கு ஆளும் மூட்டையும் ஏத்தின பழைய ஜீப்புகளைப் பாத்துப் பழகினவர். வண்டியைக் கொண்டுபோய் விட்டதும், "ஃபோர் வீல் போட்டப்ப பிரேக் பெடல் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சாப்பா?"ன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியலை. நான் கவனிக்கலைங்கண்ணான்னேன். சிரிச்சுக்கிட்டு ஜாக்கி எடுத்தார்.

அவர் செஞ்சதை அப்படியே எழுதறேன், உங்கள்ல யாருக்காவது உதவும். பின் சக்கரங்களுக்கு முன்னையும் பின்னையும் கல்லு. ஹேண்ட் பிரேக். கியர் நியூட்ரல். முன்னால ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, அடியில கட்டையும் குடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு நாப்பை ஃபோர் ஹைக்குத் திருப்பச் சொன்னார். பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. இப்பத் தூக்கின சக்கரத்தைக் கையால சுத்தினா சுத்தக்கூடாது. பின் சக்கரம் பிரேக்குல நிக்குது, டிரான்ஸ்பர் கேஸ் முன்னையும் பின்னையும் ஒண்ணா கட்டியிருக்கு, அந்தப் பக்கத்து முன் சக்கரம் தரையில இருக்கு. அப்ப இது பிடிச்சு நிக்கணும். என் வண்டியில பம்பரம் மாதிரி சுத்துச்சு. சக்கரம் சுத்துதே தவிர, அதுக்குள்ள போற ஆக்ஸில் ஷாஃப்ட் சுத்தலை.

இன்ஜினை நிறுத்திட்டு அடியில போய் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால முறுக்கிப் பாத்தார். அது அசையலை. "டிரான்ஸ்பர் நல்லா விழுந்திருக்கு. மோட்டாரும் நல்லாருக்கு. ஹப்புதான் பிடிக்கலை"ன்னார். அங்கயே அந்த மோட்டார் கணக்கு அடிபட்டுப் போச்சு. செலவு, ஒரு ஜாக்கியும் ரெண்டு கையும்.

இந்த வண்டியில ஹப்பைப் பிடிக்க வைக்கறது கரண்ட் இல்லை, வேக்குவம். டீசல் இன்ஜின்ல அது தானா கிடைக்காது, தனியா ஒரு சின்ன பம்ப் இருக்கு. பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் குடுக்கறதும் அதேதான். அங்க இருந்து பென்சில் தடிமன்ல ரப்பர் டியூப் ரெண்டு முன் சக்கரத்துக்கும் போகுது. ஃபோர் வீல் போட்டா ஒரு வால்வு திறந்து அந்த டியூப் வழியா உறிஞ்சி ஹப்பைப் பூட்டும். டியூப்ல ஓட்டைன்னா ஹப்பும் பூட்டாது, பிரேக்குக்குப் போற வேக்குவமும் கொஞ்சம் குறையும். அவர் பெடலைப் பத்திக் கேட்டது அதுக்குத்தான்.

வலது மட்கார்டு பிளாஸ்டிக்கைக் கழட்டினார். மேல டியூப்பை எலி கடிச்சிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே கூடு கட்டி என் வீட்டு நெல்லையும் சேத்து வச்சிருந்துச்சு.

ஒரு மீட்டர் வேக்குவம் டியூப்பும் ரெண்டு கிளிப்பும் 110 ரூபாய். கூலி 300 கேட்டார், 500 குடுத்தேன். இப்ப அந்த லேப்டாப்பை நெனச்சுப் பாருங்க. அந்த ஹப்புல சென்சார் கிடையாது. டிரான்ஸ்பர் கேஸ் விழுந்துச்சான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பச்சை விளக்குக்கும் அவ்வளவுதான் தெரியும். 'ஃபால்ட் இல்லை'ன்னு அது சொன்னது பொய் இல்லை. தெரியாததை எப்படிச் சொல்லும்? அதுக்குத் தெரியாத இடத்துல மனுசன் கை வைக்கணும். கை வைக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் என் சண்டை.

ஏன்னா, எலி ஒயரைக் கடிச்சிருந்தா? பட்டறைக்காரரே சொன்னார்: "டியூப்பா இருந்ததால தப்பிச்சே. அந்த நாப்புல இருந்து மோட்டாருக்கு எத்தனை ஒயர் போகுது, எதுல எவ்வளவு வோல்ட் வரணும்னு எங்கிட்ட படம் இல்லை. நான் தொட்டிருக்க மாட்டேன்." நாப்பது வருஷம் வண்டிக்கு அடியில படுத்த மனுசன் தொட பயப்படறார். அறிவு இல்லாம இல்லை, ஒயரிங் படம் இல்லாம. அந்தப் படத்தைக் கேட்டா கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்தான்னு பதில் வருது. நான் காசு குடுத்து வாங்கின வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொல்ல மாட்டாங்களாம்.

இது எனக்கு மட்டும் நடக்கற கதை இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் பதினாலு கார் கம்பெனிகளுக்குச் சேத்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும், கோளாறு பாக்கற கருவியையும் வெளிப் பட்டறைக்குக் கிடைக்க விடாம வச்சிருந்தாங்கன்னுதான் குத்தச்சாட்டு. 2022 டிசம்பர்ல, நுகர்வோர் தினத்தன்னைக்கு, மத்திய அரசு 'பழுது பாக்கற உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. அதுல விவசாயக் கருவியும் உண்டு, வண்டியும் உண்டு. நல்லதுதான். ஆனா அது இணையதளம், சட்டம் இல்லை. குடுத்தே ஆகணும்னு யாரையும் அது கட்டாயப்படுத்தாது. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல விவசாயிங்க சண்டை போட்டு 2023-ல சட்டமே வாங்கிட்டாங்க. 2024 ஜனவரி ஒண்ணுல இருந்து அங்க டிராக்டர் விக்கற கம்பெனி, பழுது பாக்கற புத்தகத்தையும் கருவியையும் பாகத்தையும் விவசாயிக்கும் வெளிப் பட்டறைக்கும் குடுத்தாகணும். நூறு ஏக்கர், ஆயிரம் ஏக்கர் வச்சிருக்கறவனுக்கே அது தேவைப்பட்டிருக்கு. மூணரை ஏக்கர்காரன் கேட்டா பேராசையா?

"பழைய காலத்தையே பேசறீங்க, தொழில்நுட்பம் வளருது"ன்னு சொல்லுவீங்க. வளரட்டும், நான் தடுக்கலை. ரெண்டாம் உலகப் போர்ல ஓடின ஜீப்புல கியர் லிவருக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு லிவர் இருந்துச்சு. ஒண்ணு முன் சக்கரத்துக்கு, இன்னொண்ணு லோ கியருக்கு. போருக்கு அப்புறம் அதை பம்பாய்ல நம்ம ஆளுங்க பூட்டினாங்க. பின்னால வந்த வண்டியில ஹப்பைக் கீழ இறங்கிக் கையால திருகணும். சேத்துல இறங்கித் திருகறது சுகமான வேலை இல்லைதான், எனக்கும் வயசு அம்பத்தாறு. ஆனா விழுந்துச்சா இல்லையான்னு கைக்குத் தெரிஞ்சுச்சு. நாப்பு வேண்டாம்னு நான் சொல்லலை. நாப்போட சேத்து அந்தப் படத்தையும் குடுங்கறேன். எங்க தம்மம்பட்டி மரச்சிற்பக்காரங்ககிட்ட போய், உளியை நாங்க விக்கறோம், ஆனா முனை மழுங்கினா நீ தீட்டக்கூடாது, எங்ககிட்டத்தான் வரணும்னு சொல்லிப் பாருங்க. என்ன பதில் வரும்னு நான் இங்க எழுத முடியாது.

"பாதுகாப்பு சார், கண்டவன் கை வச்சா விபத்தாகும்"னு சர்வீஸ் சென்டர்ல சொன்னாங்க. வாரன்ட்டி இருக்கற வண்டின்னா அந்தப் பேச்சுக்கு ஒரு நியாயம் இருக்கு. என் வண்டிக்கு வாரன்ட்டி முடிஞ்சு பல வருஷம். அதுவும் இல்லாம, பாதுகாப்பு பேசறவங்க பிரேக் வேக்குவம் குறைஞ்சதை ஏன் பாக்கலை? படம் இல்லாம எங்காளுங்க இருட்டுல ஒயரை வெட்டி ஒட்டறாங்களே, அதுதான் ஆபத்து.

என் தப்பையும் சொல்லிடணும், இல்லைன்னா பட்டறைக்காரர் படிச்சுட்டுத் திட்டுவார். சித்திரையில இருந்து நான் ஒரு தடவைகூட ஃபோர் வீல் போடலை. மாசத்துக்கு ஒருக்கா மண் ரோட்டுல போட்டு ஓட்டியிருந்தா, எலி கடிச்சது ஐப்பசிக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும். முன்னால புது டயர் ரெண்டு, பின்னால வழுக்கை டயர் ரெண்டுன்னு வேற போட்டு வச்சிருந்தேன். அப்படி இருந்தா முன்னும் பின்னும் ஒரே அளவுல உருளாது, ஒண்ணை ஒண்ணு இழுத்துக் கட்டிக்கும். அதுக்கும் ஏச்சு வாங்கினேன்.

இன்னொண்ணு, இது உங்களுக்கு. சனி ஞாயிறுன்னா பெரிய பெரிய வண்டியில கொல்லிமலைக்கு வர்றீங்க. காரவள்ளியில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, எல்லாம் தார் ரோடு. அதுல ஃபோர் வீல் போட்டுக்கிட்டு ஏறறவங்களைப் பாத்திருக்கேன். காஞ்ச தார்ல வளைஞ்சு திரும்பறப்ப முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் ஒரு தூரம் போகும். நடுவுல டிஃபரென்ஷியல் இல்லாத வண்டின்னா உள்ள முறுக்கிக்கும், அப்புறம் கழட்டினாலும் கழலாது. அப்படி மாட்டினா பயப்படாம நேரா பத்தடி ரிவர்ஸ் எடுங்க, கழண்டுக்கும். அசெம்ப்ளி மாத்தணும்னு எவனாவது சொன்னா சாவியைத் திரும்ப வாங்கிட்டு வாங்க.

கம்பெனிக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கேன். என் வண்டி மாடல், வருஷம் எழுதி, ஃபோர் வீல் ஒயரிங் படத்துக்கு என்ன விலைன்னு கேட்டு. இனாமா கேக்கலை. பதினெட்டு நாளாச்சு, பதில் வரலை. உங்கள்ல வக்கீல் ரெண்டு பேர் இருக்கீங்க, நுகர்வோர் கோர்ட்டுக்கு எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை கீழ்க்காட்டுல மிச்சக் கிழங்கு புடுங்கறோம். புது டியூப்போட பழைய துண்டையும் டேஷ்போர்டுல போட்டு வச்சிருக்கேன். பானட்டுக்குள்ள புகையிலைக் காம்பு கட்டினா எலி வராதுன்னு வீட்டுல சொல்றாங்க. கட்டியாச்சு. ஏசி போட்டா வண்டி பூரா புகையிலை வாசம்.