கண்ணாடி மாதிரி இருந்தால் சுத்தமா?

ஏப்ரல் பிறந்தால் போதும். சென்னையின் மொட்டை மாடிகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் காற்றடைத்த குட்டி நீச்சல் குளங்கள் முளைத்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு மறுநாள்தான் ஆரம்பிக்கிறது.

"தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்கு, எதுக்குக் கொட்டணும்?" என்கிறார் அப்பா. மறுநாள் என்பது நான்காம் நாளாகிறது. லேசாக வழவழப்பு தட்டியதும் அம்மா ஒரு ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடரைத் தூவுகிறார். பாட்டி, ஒரு கை கல்லுப்பு போட்டால் போதும் என்கிறார். மூன்று பேருக்கும் பிள்ளை மேல் பாசம்தான். ஆனால் மூன்று பேர் சொல்வதும் தவறு!

பெரிய நீச்சல் குளத்தில் தண்ணீரைச் சுற்ற விடும் பம்பு உண்டு, வடிகட்டி உண்டு, குளோரின் அளவைப் பார்க்க ஆள் உண்டு. குட்டிக் குளத்தில் இதில் எது இருக்கிறது? நான்கு அடி அகலக் குளத்தில் அரை அடி உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 175 லிட்டர். அதில் நான்கு பிள்ளைகளின் வியர்வை, எண்ணெய், கால் மண், போதாக்குறைக்குச் சிறுநீர். அதே தண்ணீரை விளையாட்டில் இரண்டு வாய் விழுங்கவும் செய்கிறார்கள். ஒருவர் குளித்த தண்ணீரில் இன்னொருவரைக் குளிக்கச் சொன்னால் முகம் சுளிக்கிற அதே வீடு, நான்கு பிள்ளைகள் மூன்று நாள் ஊறிய தண்ணீரில் ஐந்தாவது பிள்ளையை இறக்கிவிட்டுப் படம் எடுக்கிறது.

ப்ளீச்சிங் பவுடர் கணக்கைப் பார்ப்போம். நீச்சல் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். அப்படியானால் 175 லிட்டருக்கு அரை கிராம், மிஞ்சினால் ஒன்றரை கிராம் போதும். ஒரு டீஸ்பூன் ஐந்து கிராம் பிடிக்கும்! கண் எரிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிரித்து வைத்து ஈரம் ஏறிய பழைய பவுடர் என்றால் பாதி வீரியம்கூட இருக்காது. இருக்கிற குளோரினையும் வியர்வையும் சிறுநீரும் தின்றுவிடும், மிச்சத்தைச் சில மணி நேர வெயில் அழித்துவிடும். கல்லுப்போ இன்னும் வேடிக்கை. இந்தத் தண்ணீரைக் கடல்நீர் அளவுக்கு உப்பாக்கவே ஆறு கிலோ வேண்டும். கடலிலேயே கிருமி வாழ்கிறது.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவின் குழந்தைகள் குளத்தில் குளோரின் போதவில்லை. ஈ.கோலை ஓ157 என்ற குடல் கிருமி 26 பேருக்குத் தொற்றியது உறுதியானது. ஒரு குழந்தை இறந்தது. ஆளும் கருவியும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி என்றால் மொட்டை மாடியில்?

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் மட்டத்தை ஒட்டி, குளத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் முட்டை, காய்ந்த பிறகும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும்.

"தண்ணீர்ப் பஞ்ச ஊரில் தினமும் கொட்டுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2019-ல் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்த ஊர் இது. ஆனால் பதில் பழைய தண்ணீரில் இல்லை, குறைந்த தண்ணீரில் இருக்கிறது. மூன்று அங்குலம் நிரப்பினால் சுமார் 90 லிட்டர்தான். குழந்தைக்குக் கும்மாளம் போட அதுவே தாராளம். சாயங்காலம் மருந்து கலக்காத அந்தத் தண்ணீர் செடிக்குப் போகட்டும், கழிவறைக்குப் போகட்டும். அந்த 90 லிட்டருக்கும் வழியில்லையா? அன்றைக்கு வாளியும் குவளையும் போதும். பிள்ளைக்குச் சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறங்கும் முன் குளிப்பாட்டி, கால் கழுவி விட வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கக் கூடாது. அன்றைய தண்ணீரை அன்றே கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தவழும் குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். காலிக் குளத்தில் அந்த ஆபத்தும் இல்லை.

வாயால் ஊதி ஊதிக் குளத்தை நிமிர்த்த அரை மணி நேரம் கிடைக்கிறது. கொட்டித் தேய்க்கப் பத்து நிமிடம் கிடைக்காதா? கிடைக்காது என்றால் குளம் கடையிலேயே இருக்கட்டும்.