சிங்கப்பூரில் கடன், ஆலங்குடியில் டெபாசிட்: இடையில் நிற்கும் 3 சதவீதம் யாருக்கு?

ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். "வெள்ளி இன்னிக்கு எவ்வளவு?" என்பது அங்கே மழை நிலவரம் மாதிரி சாதாரணக் கேள்வி. கூடவே ஒரு யோசனையும் வரும்: "அங்க 4 பர்சென்ட்டுக்கு லோன் எடுத்து, இங்க என்ஆர்இ டெபாசிட்ல 7 பர்சென்ட்டுக்குப் போட்டா, சும்மா 3 பர்சென்ட் மிச்சம்தானே மாப்ள?"

பெரிய நிதி நிறுவனங்கள் இதையே கோடிகளில் செய்கின்றன. பெயர் 'கேரி டிரேட்'. வட்டி குறைந்த நாட்டில் கடன் வாங்கி, வட்டி அதிகமுள்ள நாட்டில் போடுவது.

மாப்பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளி 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10,000 வெள்ளி கடன் இங்கே 6 லட்சம். ஓராண்டில் வட்டியோடு 6,42,000. அங்கே கட்ட வேண்டியது 10,400 வெள்ளி. வெள்ளி அதே 60-ல் நின்றால் 18,000 ரூபாய் லாபம். 64 ஆகிவிட்டால்? கடனை அடைக்க 6,65,600 வேண்டும். கையிலிருந்து 23,600 போகும். 61 ரூபாய் 73 காசைத் தாண்டினாலே நஷ்டம்தான்.

சரி, இன்றைய தேதியிலேயே அடுத்த வருட விலையைப் பேசி வைத்தால்? அதுதான் ஹெட்ஜிங், அதற்கான ஃபார்வர்டு ஒப்பந்தமும் உண்டு. ஆனால் அந்த விலை, இரு நாட்டு வட்டி வித்தியாசத்தை வைத்தே பெரும்பாலும் அமைகிறது. இந்த உதாரணத்தில் அது ஏறக்குறைய அதே 61.73. வங்கியின் கமிஷன் தனி. குடை வாங்கிய காசும் மழையில் நனையாமல் மிச்சமான காசும் ஒன்றாகிவிடுகிறது. ஆக, 3 சதவீதம் கைக்கு வருகிறதென்றால் ரூபாய் சரியும் ஆபத்தை யாரோ சுமக்கிறார்கள் என்று பொருள்.

2013-ல் ரிசர்வ் வங்கி சுமந்தது. அந்த ஆண்டு மே தொடக்கத்தில் 54 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28-ல் 68-ஐத் தாண்டியது. செப்டம்பரில் கவர்னராக வந்த ரகுராம் ராஜன், எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டாக வங்கிகள் திரட்டும் டாலருக்கு ஆண்டுக்கு 3.5 சதவீதச் செலவில் மாற்று விகித ஆபத்தை ஏற்றுக்கொள்ள முன்வந்தார். சந்தையில் அதற்கு அதைவிட அதிகம் ஆகியிருக்கும். வெளிநாட்டு இந்தியர்கள் பலர் அங்கே கடன் வாங்கியே இங்கே போட்டார்கள். சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. அப்படியொரு சலுகை தினமும் கிடைக்காது.

சுமக்க ஆளில்லாதபோது என்ன ஆகும் என்பதை 2024 ஜப்பான் காட்டியது. ஜூலை 31-ல் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. யென் விலை ஏற, யென்னில் கடன் வாங்கியவர்கள் அவசரமாக விற்று வெளியேறினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புக் கவலையும் சேர்ந்துகொள்ள, ஆகஸ்ட் 5 ஒரே நாளில் நிக்கெய் குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கால் சதவீத வட்டிதான்!

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சொந்தச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பி, ஊரிலேயே செலவழிக்கப் போகிறவருக்கு என்ஆர்இ நல்ல வழிதான். பணத்தை மறுபடி டாலராகவோ வெள்ளியாகவோ எடுக்க வேண்டியவருக்கு எஃப்சிஎன்ஆர் பொருந்தும். அதில் கணக்கே வெளிநாட்டுப் பணத்தில்தான். வட்டி குறைவாகத் தெரிவதும் அதனால்தான்.

ஏஜென்டுக்குக் கட்ட 2 வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதத்துக்கு, ஊரில் கடன் வாங்கிவிட்டுப் போனவருக்கோ இந்த யோசனையே தேவையில்லை. அவர் சம்பளம் வெள்ளியில், கடன் ரூபாயில். ரூபாய் சரிந்தால் அவருடைய கடன் லேசாகிறது. முதல் சம்பளத்திலிருந்து அதை அடைக்கத் தொடங்கினால் மிச்சமாகும் 24 சதவீதத்தை எந்த டெபாசிட்டும் தராது.