பறையடிக்கும் பெண்களுக்கு ராத்திரி பஸ் எங்கே?

பெண்கள் மட்டுமே இருக்கிற ஒரு ராக் பேண்டு எங்காவது மேடையேறினால் நம் டைம்லைன் ஒரு வாரத்துக்கு அதிர்கிறது. அதிரட்டும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இல்லை.

2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுக்களின் போட்டியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற மூன்று சிறுமிகள் கிதாரும் டிரம்ஸுமாக மேடையேறினார்கள். காஷ்மீரின் முதல் பெண்கள் ராக் குழு. பெயர் ‘பிரகாஷ்’, அதாவது ஒளி. இணையத்தில் பாலியல் வன்முறை மிரட்டல்கள் குவிந்தன. 2013 பிப்ரவரியில் தலைமை முஃப்தி, பெண்கள் இப்படி இசைப்பது மார்க்கத்துக்கு விரோதம் என்றார். முதலமைச்சர் உமர் அப்துல்லா ஆதரவாகப் பேசினார், காவல்துறை வழக்குப் பதிந்தது, ஆனாலும் குழு கலைந்தது. மேடையேறி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“பார்த்தாயா, இஸ்லாம் இப்படித்தான்” என்று இதைச் சொல்லிக்காட்டும் ஆட்கள் உண்டு. அவர்கள் இந்தோனேசியாவின் காருட் பகுதியைச் சேர்ந்த ‘வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்’ குழுவைப் பார்க்கலாம். ஹிஜாப் அணிந்த மூன்று பெண்கள், 2014-இல் தொடங்கி, எதிர்ப்புகளைத் தாண்டி, 2024-இல் கிளாஸ்டன்பரி மேடையில் மெட்டல் வாசித்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் நம் ஊர்க்கதையைப் பார்க்கலாம். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியபோது 19 பேரில் பெண் ஒருவர்தான். இசைவாணி. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். பெண்களின் கோயில் நுழைவு உரிமையைப் பேசும் ஐயப்பன் பாட்டு அந்தக் குழுவின் கூட்டுப் படைப்பு. பல வருடம் கழித்து, 2024 நவம்பரில் அதைத் தோண்டியெடுத்துச் சர்ச்சையாக்கியபோது, ஆபாச வசையும் மிரட்டலும் பாடிய பெண்ணைத் தேடித்தான் போயின. மதம் எதுவானாலும் வசைக்கு முகவரி ஒன்றுதான்.

இனி பெரம்பலூர், அரியலூருக்கு வருகிறேன். எங்கள் பக்கம் எலக்ட்ரிக் கிதார் குறைவு. ராக் என்பது அதிகாரத்தின் காதில் அறைகிற சத்தம் என்றால் அது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வேப்பங்கட்டையில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நெருப்பில் காய்ச்சி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சுண்டுக்குச்சியுமாக அடிக்கிற பறை.

அந்தப் பறையைச் சேரி ஆண்கள் மேல் சாதி வலுக்கட்டாயமாகச் சுமத்தியது. ஊரில் சாவு விழுந்தால் போய் அடித்தாக வேண்டும். அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடியும் ஊர்விலக்கமும் பட்ட வரலாறு தமிழகம் முழுக்க இருக்கிறது. பெண்கள் இந்தக் கதையில் எங்கே? அவர்களுக்கு ஒப்பாரியும் நடவுப்பாட்டும். இரண்டுக்கும் கலை என்று பெயரில்லை, கூலியும் தனியாக இல்லை. பறையைத் தொடும் இடத்தில் பெண் இல்லவே இல்லை. ஆகவே இன்று காலனிப் பெண் பறையை எடுத்தால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. ஊர் பழைய சாதிப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறது. வீட்டில் அப்பா, “நாங்க தூக்கிப் போட்டத நீ ஏம்மா எடுக்குற?” என்கிறார்.

அந்த அப்பாவைப் பிற்போக்கு என்று தள்ளிவிட என்னால் முடியாது. இங்கே காலனியின் ஒரே முதலீடு பிள்ளைகளின் படிப்பு. குழுமூர் அனிதா இதே அரியலூர் மாவட்டம். 1200-க்கு 1176 எடுத்த பெண்ணை நீட் என்ன செய்தது என்பது 2017 செப்டம்பர் 1 முதல் இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அவ்வளவு படித்தும் கதவு சாத்தப்பட்ட ஊரில், மகள் குச்சியைக் கையிலெடுப்பதை ஒரு தகப்பன் பின்னோக்கிய நடையாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

வேறு சாதி மாணவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கல்லூரி விழாவுக்காக மூன்று மாதம் கற்று அடித்தால் அது ‘தமிழரின் ஆதி இசை’. கற்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சாதியைக் கழுவிவிட்டுப் பறையை மட்டும் எடுத்துக்கொள்வதால் லாபம் யாருக்கு என்று கேட்கத்தான் வேண்டும். நம் இயக்க மேடைகளையும் சேர்த்தே கேட்கிறேன். எழுச்சித்தமிழர் பிறந்த அங்கனூர் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பறை முழங்காமல் இங்கே கூட்டம் தொடங்காது, அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தோழியர் முன்வரிசை நாற்காலியில் இருப்பார்கள்.

நிலைத்து நின்ற குழு இல்லையா என்றால், இருக்கிறது. திண்டுக்கல்லில் 1990-இல் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு. பள்ளியை விட்டு நின்ற தலித் இளம்பெண்களைச் சேர்த்து, அங்கேயே தங்கவைத்துப் பறையும் ஒயிலும் கற்றுக்கொடுத்தது, தையல் போன்ற கைத்தொழிலும் சேர்த்து. ‘பிரகாஷ்’ கலைந்தது, சக்தி பல தலைமுறைப் பெண்களைக் கண்டது. திறமையோ தைரியமோ அல்ல வித்தியாசம். தங்க இடம், சாப்பாடு, பயணத்துக்குத் துணை, கூட வசிக்கும் இன்னும் பத்துப் பெண்கள், இவை அந்த மூன்று காஷ்மீர்ச் சிறுமிகளுக்கு இல்லை. பாட்னா அருகே திப்ரா கிராமத்தின் மகாதலித் பெண்கள் 2016 வாக்கில் அமைத்த நாரி குஞ்ஜன் பேண்டு குழுவும் இதையேதான் காட்டுகிறது. வயல் கூலிகளான அவர்களுக்குப் பின்னால் சுதா வர்கீஸின் நாரி குஞ்ஜன் அமைப்பு நின்றது. கல்யாண ஊர்வலத்தில் வாசித்துக் காசு வீட்டுக்கு வந்ததும் கேலி செய்த வாய்களின் சத்தம் குறைந்தது.

பெரம்பலூரில் பருத்தி எடுக்கிற, மக்காச்சோளம் ஒடிக்கிற பெண்களுக்கு ஒத்திகை நேரம் சாயங்காலம்தான். 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதனால் ஒத்திகைக்கு வந்துவிடலாம். திரும்பிப் போக? கடைசி பஸ் போன பிறகு அரியலூர் சாலைகளில் ஓடுவது சிமெண்ட் லாரிகள். நிகழ்ச்சியோ ராத்திரியில்தான் இருக்கும். வேன் வைத்தால் வந்த பணம் வேனுக்கே சரி. எனக்குத் தெரிந்து பெண்கள் பறையை விட்டதற்குக் கல்யாணம் முதல் காரணம் என்றால் வண்டி இரண்டாவது காரணம். முற்போக்குக் கட்டுரைகளில் முதலாவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். இரண்டாவதை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை, அது கொஞ்சம் சப்பையான காரணம் போலிருக்கிறது.

அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் காலம் காலமாக முழுநேரப் பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். அந்த வரிசையில் பறை ஏன் இல்லை என்ற கேள்வியைச் சட்டமன்றத்தில் எழுப்ப நமக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெரம்பலூர் தனித்தொகுதி வேறு. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மகிழ்ச்சி. விருது ஒரு ஆசானுக்கு, வகுப்பறை நூறு பெண்களுக்கு. நான் இரண்டாவதைக் கேட்கிறேன்.

இடம் தேடி அலையவும் வேண்டாம். இரண்டு மாவட்டத்திலும் ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதிகள் இருக்கின்றன. 2025 ஜூலையில் அவற்றுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயரும் மாறிவிட்டது. தங்க இடம், சாப்பாடு, கூடவே வயதொத்த பெண்கள், எல்லாம் அங்கேயே தயார். ராத்திரி பஸ் தேவையில்லை. வாரம் மூன்று சாயங்காலம் சம்பளத்தோடு ஒரு பெண் பயிற்றுநர், விடுதிக்குப் பத்துப் பறை, தோல் கிழிந்தால் மாற்றக் கொஞ்சம் பணம். படிப்பு கெடும் என்று வார்டன் சொல்லலாம், சத்தம் கேட்கிறது என்று பக்கத்துத் தெரு புகார் கொடுக்கலாம். புகார் வந்தால் விடுதி வாசலில் போய் நிற்க எத்தனை தோழர்கள் தயார் என்று சொல்லுங்கள், பயிற்றுநர் கேட்டு மனு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.