புல்வெளிக்கு தானா பாயும் தண்ணி: மிச்சமா, வேட்டா? சேலம், நாமக்கல்லில் ஒரு அலசல்

சேலம்:

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் புதுசா பெரிய வீடு கட்டுபவர்கள் முன்பக்கம் 2 சென்ட், 3 சென்ட் இடம் விட்டு 'லான்' போடுவது இப்போது சகஜமாகி விட்டது. அழகாபுரம், பேர்லேண்ட்ஸ் பக்கம் மட்டும் இருந்த இந்த ஆசை புறநகர் மனைப்பிரிவுகளுக்கும் வந்தாச்சு. புல் போட்ட கையோடு அடுத்து வருவது தானியங்கி ஸ்பிரிங்ளர். டைமர் வைத்து விட்டால் காலையில் தானே திறக்கும், தானே மூடும். 'தண்ணீர் பாதி மிச்சம்' என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள்.

அது உண்மையா? பாதி உண்மை. மீதி பாதி, அதை எப்படி அமைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் கணக்கை பார்ப்போம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதன் மேல் 1 மில்லி மீட்டர் உயரத்துக்கு தண்ணீர் நிற்க வேண்டுமானால் 40 லிட்டர் ஆகும். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் புல்வெளிக்கு தினமும் 4 மில்லி மீட்டர் அளவுக்கு தேவைப்படும். அப்படியானால் 3 சென்ட் லானுக்கு ஒரு நாளைக்கு 480 லிட்டர். நகரங்களில் ஒரு ஆளுக்கு தினமும் 135 லிட்டர் என்பதுதான் மத்திய அரசு வகுத்த அளவு. 4 பேர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர். அதாவது ஒரு குடும்பமே குடிக்க, குளிக்க, துவைக்க ஆகும் தண்ணீரை வாசல் புல் குடித்து விடுகிறது!

இதுவும் ஒரு சொட்டு வீணாகாமல் பாய்ந்தால் ஆகும் கணக்குதான். ஸ்பிரிங்ளரில் நூற்றுக்கு 75 பங்கு வேருக்கு போய் சேர்ந்தாலே நல்ல செயல்திறன் என்கிறது வேளாண் பொறியியல். மீதி காற்றிலும் வெயிலிலும் போகும். அதையும் சேர்த்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 4,500 லிட்டர். கோடையில் மாதம் ஒன்றுக்கு 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்றரைக்கு மேல் வேண்டும்.

பூமிக்கு அடியில் என்ன இருக்கு?

சேலம் மாவட்டத்தில் ஆண்டுக்கு சராசரி மழை ஆயிரம் மில்லி மீட்டரை ஒட்டி இருக்கும். 1997ல் சேலத்தில் இருந்து பிரிந்த நாமக்கல்லில் 700க்கு சற்று கூடுதல், அவ்வளவுதான். அடியில் இருப்பதோ கெட்டிப்பாறை. மணல் பூமி மாதிரி தண்ணீரை பிடித்து வைக்காது. பாறை வெடிப்பில் தங்கினால் உண்டு. இரண்டு மாவட்டத்திலும் பல குறுவட்டங்கள், மழை ஊற்றுவதை விட அதிகமாக உறிஞ்சும் 'அதிநுகர்வு' பட்டியலில் இருக்கின்றன. ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த போர்வெல் இங்கே எத்தனையோ. இத்தனைக்கும் இந்தியா முழுக்க போய் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு பேர் போன ஊர் நம்ம திருச்செங்கோடு!

மாநகராட்சி குழாய் தண்ணீரோ மேட்டூரில் இருந்து வருகிறது. 93.47 டி.எம்.சி. பிடிக்கும் மேட்டூர் அணை 2024 ஜூலை 30ம் தேதி 120 அடியை எட்டி நிரம்பியதும், அதற்கு முந்தைய 2023 அக்டோபரில் 30 அடி அளவுக்கு இறங்கி பாசனத்துக்கு மதகை மூட நேர்ந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. ஒரு வருஷம் கடல் மாதிரி, ஒரு வருஷம் குட்டை மாதிரி. சேலத்துக்கு குடிநீர் கொடுப்பதற்காக ஆங்கிலேயர் காலத்தில் உருவாக்கிய பனமரத்துப்பட்டி ஏரி பின்னாளில் வறண்டு சீமைக்கருவேலம் மண்டிப்போனதை பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

டைமர் போட்டால் செலவு கூடும்!

தானியங்கி என்றாலே சிக்கனம் என்று நினைக்கிறோம். 1999ல் அமெரிக்காவில் 12 இடங்களில் சுமார் 1,200 வீடுகளை வைத்து செய்த ஆய்வு ஒன்று நேர் எதிரான கதை சொன்னது. டைமர் வைத்த வீடுகள், வைக்காத வீடுகளை விட வெளிப்புற தேவைக்கு 47 சதவீதம் அதிக தண்ணீர் செலவழித்தன!

காரணம் ரொம்ப சிம்பிள். கையில் ஓஸ் பிடித்து நிற்பவருக்கு கால் வலிக்கும். மழை பெய்தால் வீட்டுக்குள் போய் விடுவார். டைமருக்கு கால் வலிக்காது, மழையும் தெரியாது. மே மாதம் 20 நிமிஷம் என்று வைத்ததை ஐப்பசி அடைமழையிலும் அப்படியே 20 நிமிஷம் ஓட்டிக்கொண்டு இருக்கும். குடை பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பார்த்து சிரிப்பார்கள்.

ஆகவே டைமரோடு மழை சென்சார் இல்லாவிட்டால் அந்த சாதனத்தை வாங்காமலே இருக்கலாம். கொஞ்சம் மழை விழுந்ததும் மின் இணைப்பை துண்டித்து வால்வை திறக்க விடாமல் செய்வதுதான் அதன் வேலை. மண் ஈரத்தை அளக்கும் சென்சார் இன்னும் நல்லது. வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்றைய பாய்ச்சலையே நிறுத்தி விடும். அதற்கு வழியில்லை என்றால், மாசத்துக்கு ஒரு தடவை டைமர் நிமிஷத்தை மாற்றுங்கள். கேலண்டர் தாளை கிழிக்கும்போதே செய்து விடலாம்.

மேல்தொட்டி பிரஷர் பத்தாது

இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். ஸ்பிரே வகை ஹெட்டுக்கு 2 கிலோ பிரஷர் வேண்டும். சுற்றிச்சுற்றி தூரமாக அடிக்கும் ரோட்டார் வகைக்கு 3 கிலோ. ஆனால் தண்ணீர் 33 அடி உயரத்தில் இருந்து இறங்கினால்தான் 1 கிலோ பிரஷர் வரும். மாடி மேல் சின்டெக்ஸ் வைத்தாலும் தரையில் கிடைப்பது ஒரு கிலோவை தாண்டாது. அதில் ஸ்பிரிங்ளரை மாட்டினால் தலையை தூக்கவே தூக்காது. தூக்கினாலும் காலடியில் குளம் கட்டி, 10 அடி தள்ளி காய்ந்து கிடக்கும்.

ஆக தனி மோட்டார் தேவை. 1 எச்.பி. மோட்டார் நிமிஷத்துக்கு 50 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 அடிக்கு அரை வட்டமாக தெளிக்கும் ஹெட் ஒன்று 7 லிட்டர் இழுக்கும். ஒரே நேரத்தில் 7 ஹெட்டுக்கு மேல் ஓடாது. மொத்த லானையும் ஒரே லைனில் மாட்டாமல் இரண்டு, மூன்று பகுதியாக பிரித்து தனித்தனி வால்வு வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஒரு ஹெட் அடிக்கும் தண்ணீர் அடுத்த ஹெட்டின் காலை தொட வேண்டும். ஹெட் எண்ணிக்கையை குறைத்து மிச்சம் பிடித்தால் நடுவில் திட்டு திட்டாக காயும். காய்ந்த இடத்தை பச்சையாக்க நேரத்தை கூட்டுவோம். மற்ற இடம் சேறாகும். வேட்டு அங்கேதான்.

சரியாக விழுகிறதா என்று பார்க்க இன்ஜினியர் வேண்டாம். ஒரே மாதிரி சில்வர் டம்ளர் 8 எடுத்து லானில் அங்கங்கே வையுங்கள். 15 நிமிஷம் ஓட விடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேலை விட்டு அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் 8 மில்லி மீட்டர் அளவுக்கு இருந்தால் பிரமாதம். இரண்டு நாள் தேவை அதிலேயே முடிந்தது. ஒன்றில் 4, இன்னொன்றில் 12 என்றால் ஹெட்டை இடம் மாற்ற வேண்டும், அல்லது நாசில் அடைத்திருக்கிறது. நம்ம போர்வெல் உப்புத்தண்ணீருக்கு நாசிலில் வெள்ளையாக படிவது சாதாரணம். மோட்டாருக்கு பின்னால் பில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

எப்போது பாய்ச்சுவது?

விடியற்காலை 4 மணியில் இருந்து 7 மணிக்குள். அப்போது வெயிலும் இல்லை, காற்றும் அடங்கி இருக்கும். உச்சி வெயிலில் அடித்தால் பாதி ஆவி. ராத்திரி அடித்தால் விடிய விடிய புல் ஈரமாகவே கிடந்து பூஞ்சாணம் பிடிக்கும். பாலக்காட்டு கணவாய் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் நேரம் தவறினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டு சுவரைத்தான் நனைக்கும். அம்மியே பறக்கும் காற்றில் நீர்த்துளி எம்மாத்திரம்?

தினமும் கொஞ்சம் என்பதை விட இரண்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆழமாக பாய்ச்சினால் வேர் கீழே இறங்கும். களிமண் தரையாக இருந்தால் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். 7 நிமிஷம் ஓட்டி, அரை மணி நேரம் உறிஞ்ச விட்டு மறுபடி 7 நிமிஷம். இந்த வேலைக்கு மட்டும் டைமர் கில்லாடி.

புல் தேர்விலும் விஷயம் இருக்கிறது. வெளிநாட்டில் பெர்முடா என்று பெரிதாக பேசுவது வேறொன்றும் இல்லை, பிள்ளையாருக்கு சாத்தும் நம்ம அருகம்புல் வகைதான். வறட்சியில் பழுப்பாகி படுத்துக்கொள்ளும், ஒரு மழை பெய்தால் எழுந்து விடும். அதை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விட்டால் மண் சூடு குறையும்.

மானியம் கிடைக்குமா?

இதை கேட்காதவர் இல்லை. கிடைக்காது. 2015ல் பிரதமரின் வேளாண் நீர்ப்பாசன திட்டத்தின் கீழ் வந்த நுண்ணீர் பாசன மானியம் பயிர் சாகுபடிக்கு மட்டும். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் தருகிறார்கள். ராசிபுரம் பக்கத்து சின்ன வெங்காயத்துக்கும், நிலக்கடலைக்கும், ஆத்தூர் பக்கத்து மரவள்ளிக்கும் சிட்டா, அடங்கலோடு தோட்டக்கலை, வேளாண் அலுவலகத்தை அணுகலாம். வாசல் புல்லுக்கு சிட்டா ஏது? ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் சொட்டுநீர், தெளிப்புநீர் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12ல் இருந்து 5 சதவீதமாக குறைந்ததுதான்.

தெளிப்பான் நம்ம ஆட்களுக்கு புதுசும் இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கோடையில் கூரை மேல் தண்ணீர் தெளிப்பதும், உள்ளே புகை மாதிரி பனித்துளி அடிப்பதும் பல வருஷ வழக்கம். அங்கே கோழி செத்தால் நஷ்டம் என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வாசல் லானில் அந்த கணக்கு யாரும் பார்ப்பதில்லை.

வெளியூரில் நிலைமை இறுகிக்கொண்டே போகிறது. பெங்களூருவில் 2024 மார்ச்சில் குடிநீரை தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அமெரிக்காவின் நெவாடா மாகாணம் 2021ல் ஒரு சட்டமே போட்டது: லாஸ் வேகாஸ் பகுதியில் சும்மா அழகுக்கு மட்டும் இருக்கும் புல்வெளிக்கு 2026க்கு பிறகு கொலராடோ ஆற்று தண்ணீர் கிடையாது. தனி வீடுகளுக்கு மட்டும் விலக்கு.

நம்ம ஊரில் 3 சென்டையும் புல்லாக்காமல் 1 சென்டில் நிறுத்தினால் தினசரி 480 லிட்டர் 160 ஆகி விடும். மீதி இடத்தில் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை வைத்து சொட்டுநீர் குழாய் ஓட்டலாம். அதில் நூற்றுக்கு 90 பங்கு வேருக்கு போகும். மேல்தொட்டி பிரஷரே அதற்கு போதும், தனி மோட்டாரும் வேண்டாம். 2003ல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு குழி உங்கள் வீட்டில் மண் மூடி கிடந்தால், ஸ்பிரிங்ளருக்கு பள்ளம் தோண்டும் ஆளை வைத்தே அதையும் அதே நாளில் தூர் வாரி விடலாம். கூலி ஒன்றுதான்.