‘சேஃப் சைடு’ என்னும் சோம்பல்

டிவைஸ் டிரைவர் எழுதுபவர்கள் நடுவே ஒரு வேதவாக்கு உலவுகிறது: “ஐஓரீமேப் போட்டுட்டுப் போயிடு. இருக்கறதுலயே கண்டிப்பான வகைதான் அதுல வரும். சேஃப் சைடு.” பத்து வருடமாக வெவ்வேறு வாய்களில் இதைக் கேட்டிருக்கிறேன். யோசிக்காமல் தப்பிப்பதற்கு நாம் வைத்துக்கொண்ட கௌரவமான பெயர்தான் இந்த ‘சேஃப் சைடு’ என்பது என் கட்சி.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிராசஸருக்கு ரேமும் முகவரிதான், சாதனத்தின் ரெஜிஸ்டரும் முகவரிதான். சி மொழியில் இரண்டுமே பாயிண்டர். ஆனால் குணம் வேறு. ரேமில் ஒரே இடத்தைப் பத்துமுறை படித்தாலும் அதே பதில். சீரியல் போர்ட்டின் ரிசீவ் ரெஜிஸ்டரைப் படித்தால், வந்த பைட் வரிசையிலிருந்து கழன்றுவிடும். அடுத்த முறை அது கிடைக்காது. ரேமில் பிராசஸர் முன்கூட்டியே படித்து வைக்கலாம், நாலு எழுத்தை ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாம், கேஷில் பதுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. சாதனத்திடம் அதே விளையாட்டைக் காட்டினால் டேட்டா காணாமல் போகும்.

‘இந்த முகவரியிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்’ என்று பிராசஸருக்குச் சொல்பவை பேஜ் டேபிளில் இருக்கும் மெமரி அட்ரிப்யூட்டுகள். “வோலட்டைல் போட்டிருக்கேனே!” என்பவர்களுக்கு: அது கம்பைலரின் கையை மட்டுமே கட்டும். பிராசஸருக்கும் பஸ்ஸுக்கும் அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது.

இப்போது வேதவாக்குக்கு வருவோம். அதன் முதல் பாதியே தப்பு. 64 பிட் ஆர்ம் லினக்ஸில் ஐஓரீமேப் தருவது இருப்பதிலேயே கண்டிப்பான வகை இல்லை. ஆர்ம் மூன்று கேள்விகள் கேட்கிறது: எழுத்துகளைச் சேர்க்கலாமா, வரிசையை மாற்றலாமா, சாதனத்துக்குப் போய்ச் சேருமுன்பே ‘சேர்ந்துவிட்டது’ என்று வழியில் யாராவது ஒப்புக்கொள்ளலாமா? ஐஓரீமேப் முதல் இரண்டுக்கும் ‘கூடாது’ என்கிறது. மூன்றாவதற்கு ‘பரவாயில்லை’ என்கிறது. தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு ‘கொடுத்தாச்சு’ என்று சொல்வது மாதிரி. ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வரும்வரை காத்திருப்பது வேறு வகை.

சரி, எல்லாவற்றுக்கும் ஒப்புகை அட்டை வைத்துவிட்டால்? ஆப்பிளின் எம்1 சிப்பில் லினக்ஸை ஓடவைக்க முயன்றவர்கள் இந்தச் சுவரில்தான் மோதினார்கள். சிப்புக்குள் இருக்கும் சாதனங்களுக்குத் தபால்பெட்டி வகையில் எழுதினால் வன்பொருள் பிழை எழுப்பியது. பிசிஐ சாதனங்களுக்கோ அந்தத் தபால்பெட்டி வகைதான் தேவை. ஒரே சிப், இரண்டு எதிரெதிர் விதிகள். ‘எல்லாவற்றிலும் கண்டிப்பானது’ என்று ஒன்றைத் தேர்ந்துவிட்டுத் தூங்கப் போக வழியே இல்லை. 2021இல் வெளிவந்த லினக்ஸ் 5.13இல் இதற்காகவே ஐஓரீமேப்_என்பி என்ற புதிய ஃபங்ஷன் சேர்ந்தது.

கண்டிப்புக்கு விலையும் உண்டு. 1920க்கு 1080 திரை, புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 82,94,400 பைட். எக்ஸ்86இல் கேஷ் இல்லாத வகையில், நான்கு நான்கு பைட்டாக எழுதினால் 20,73,600 தனித்தனி எழுத்துகள். ரைட் கம்பைனிங் வகையில் 64 பைட் மூட்டைகளாகப் போனால் 1,29,600. திரைக்கு இந்த மூட்டை வரம். அதே மூட்டையை ‘ஸ்பீடா இருக்கே’ என்று கண்ட்ரோல் ரெஜிஸ்டர்களுக்கும் போர்த்திவிட்டால், ‘வேலையை ஆரம்பி’ என்ற கட்டளை பஃபரிலேயே உட்கார்ந்திருக்கும். சாதனம் சும்மா இருக்கும். வேகப் பைத்தியமும் சேஃப் சைடும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். இரண்டு பேருமே சாதனத்தின் மேனுவலைத் திறக்கவில்லை.

“என் மெஷின்ல ஓடுதே” என்பது அடுத்த வாதம். எக்ஸ்86 பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அங்கே சாதன நினைவகத்தின் மேல் சாதாரண மெம்காப்பியை ஓட்டிப் பழகியவர், அதே கோடை ஆர்முக்குக் கொண்டுபோனால், சீரமையாத ஒரு முகவரியில் கர்னல் கவிழும். மெம்காப்பி_டுஐஓ என்று தனியாக ஒன்று இருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

ஒரு நியாயமான மறுப்பும் இருக்கிறது: “ஒவ்வொரு டிரைவர்காரனும் சிப்பின் வயிற்றுக்குள்ள இருக்கற பஸ்ஸைப் பத்தி ஏன் தெரிஞ்சுக்கணும்? அதை மறைக்கத்தானே ஆபரேட்டிங் சிஸ்டம்?” ஒத்துக்கொள்கிறேன். எம்1இலும் பெரும்பாலான டிரைவர்களைத் தொடவேண்டி வரவில்லை. டிவைஸ் ட்ரீயில் ‘இந்த பஸ்ஸுக்கு ஒப்புகை வேண்டும்’ என்று ஒரு குறிப்பு. மிச்சத்தை கர்னல் பார்த்துக்கொண்டது. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியது யார்? வெளியில் கிடைக்காத ஆவணங்களுக்குப் பதிலாகச் சிப்பையே தட்டித் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர். அப்ஸ்ட்ராக்‌ஷன் முடிவை ஒழிப்பதில்லை, இன்னொருவர் மேசைக்கு நகர்த்துகிறது. எல்லோரும் ‘கர்னல் பாத்துக்கும்’ என்று சொன்னால் கர்னலைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மேப்பிங் வரிக்கு மேல் ஒரே ஒரு கமெண்ட்: படித்தால் மாறும் ரெஜிஸ்டர் இங்கே உண்டா, எழுத்துகளைச் சேர்க்கலாமா, ஒப்புகை தேவையா? மூன்றுக்கும் பதில் இல்லாத பேட்ச் வந்தால், ரிவியூ செய்பவர் திருப்பி அனுப்பட்டும். ‘சேஃப் சைடு’ என்று பதில் வந்தால் இன்னொரு தடவை திருப்பி அனுப்பட்டும்.