உலாவியைத் தேர்ந்தெடுப்பது யார்?

நம் நாட்டு அரசாங்கத் துறைகள் பலவற்றின் அகப்பக்கங்களில் ஆக அடியில் ஒரு வரி இருக்கும். ‘பாப்பாரான் தெர்பாய்க்’ என்று தொடங்கும் அந்த வரி, இன்ன உலாவியில், இன்ன பதிப்பில், இன்ன திரை அளவில் பார்த்தால் பக்கம் நன்றாகத் தெரியும் என்று நமக்குப் பணிவாக அறிவிக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. படித்தாலும் ‘பரிந்துரைதானே’ என்று கடந்துவிடுவோம்.

ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், அது சாதாரண வரி அல்ல. அஞ்சல் நிலையத்திற்குள் நுழைய இன்ன நிறுவனத்தின் காலணியைத்தான் அணிந்து வர வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? நாளிதழுக்குக் கடிதம் எழுதியிருப்போம். கணினி என்று வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். அது ஏதோ நிபுணர்களின் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஓர் அரசாங்கம் எந்த மென்பொருளை வாங்குகிறது, எந்த உலாவிக்குத் தன் சேவைகளைக் கட்டிப்போடுகிறது என்பது நிபுணர்களின் சமாச்சாரம் மட்டும் அல்ல என்பதுதான் என் கட்சி. இதற்குத் தென்கொரியாவை விடச் சிறந்த பாடம் வேறில்லை.

1990களின் இறுதியில் தென்கொரியா இணைய வணிகத்தில் முந்திக்கொள்ளத் துடித்தது. ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வலுவான மறையாக்கத் தொழில்நுட்பத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப அமெரிக்கா அப்போது கட்டுப்பாடு விதித்திருந்தது. வெளிநாட்டாருக்குக் கிடைத்த உலாவிகளில் இருந்த 40 பிட் மறையாக்கம் வங்கிக் கணக்குகளைக் காக்கப் போதாது. எனவே கொரியர்கள் ‘சீட்’ என்ற பெயரில் 128 பிட் மறையாக்க முறையைத் தாங்களே உருவாக்கினார்கள். சொந்தக் காலில் நிற்க விரும்பிய நாட்டின் பாராட்டத்தக்க முயற்சி அது. சிக்கல் அடுத்த படியில்தான் வந்தது. எந்த உலாவியும் ‘சீட்’ முறையை அறியாது. எனவே உலாவிக்குள் ஒரு துணை நிரலைச் செருகி அதை இயக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது மைக்ரோசாஃப்டின் ‘ஆக்டிவ்-எக்ஸ்’. அது விண்டோசில், இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும்.

நெட்ஸ்கேப் உலாவி மறைந்த பிறகு கொரியர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போனது. வங்கியில் பணம் அனுப்பவும் அரசாங்க விண்ணப்பம் நிரப்பவும் இணையத்தில் பொருள் வாங்கவும் அந்த ஓர் உலாவிதான். ஒவ்வொரு தளமும் தன் பங்குக்கு ஒரு நிரலை நிறுவச் சொல்லும். மக்களும் திரையில் எது கேட்டாலும் ‘சரி’ என்று சொடுக்கப் பழகிப் போனார்கள். பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, எதையும் யோசிக்காமல் நிறுவும் பழக்கத்தை ஒரு தேசத்துக்கே கற்றுக் கொடுத்துவிட்டது. 2007 தொடக்கத்தில் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, வங்கித் தளங்களும் அரசாங்கத் தளங்களும் அதில் இயங்காமல் போகலாம் என்று கொரிய அரசாங்கமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. மைக்ரோசாஃப்டை நம்பிக் கட்டிய வீடு, மைக்ரோசாஃப்டின் அடுத்த பதிப்பிலேயே ஆட்டம் கண்டது.

எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிம் கீ சாங், மற்ற உலாவிகளைப் பயன்படுத்துவோருக்கும் மின்சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்று 2007இல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றங்கள் அவர் பக்கம் தீர்ப்பளிக்கவில்லை. கடைசியில் விவகாரத்தை நாட்டின் உச்சிக்குக் கொண்டு சென்றது ஒரு மேலங்கி! தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் கதாநாயகி அணிந்த அங்கியை வாங்க நினைத்த சீன ரசிகர்கள், ஆக்டிவ்-எக்ஸ், மின்சான்றிதழ் ஆகிய தடைகளைத் தாண்ட முடியாமல் திரும்புகிறார்கள் என்று 2014 மார்ச்சில் அதிபர் பார்க் குன் ஹே குறைபட்டுக்கொண்டார். பேராசிரியர் பல ஆண்டுகள் எழுப்பிய குரலுக்கு அசையாதது விற்பனை கெடுகிறது என்றதும் அசைந்தது. அப்படியும், பழைய மின்சான்றிதழின் தனியுரிமையைச் சட்டம் நீக்கியது 2020 டிசம்பரில்தான். 1999இல் எடுத்த ஒரு முடிவை அவிழ்க்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு விடைகொடுத்தபோது, கொரிய மென்பொறியாளர் ஒருவர் கியோங்ஜு நகரில் அதற்குக் கல்லறைக் கல்லே நாட்டினார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் எத்தனை பேரின் எரிச்சல் புதைந்திருக்கிறதோ!

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2004 ஜூலையில் மம்பு என்று நாம் அழைத்த அரசாங்க நிர்வாக நவீனமயப் பிரிவு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. அதற்கென ஒரு மையமும் அமைந்தது. இவ்வட்டாரத்தில் அது துணிச்சலான அறிவிப்பு. நன்மை தீமைகள் சமமாக இருந்தால் திறந்த மூலத்திற்கே முன்னுரிமை என்பது தொடக்கத்தில் கொள்கையாக இருந்தது. பிறகு அந்த முன்னுரிமை தளர்ந்து, ‘தொழில்நுட்ப நடுநிலை’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்பதற்கு நியாயமான சொல்தான். ஏற்கெனவே எல்லா மேசையிலும் ஒரே நிறுவனத்தின் மென்பொருள் இருக்கும்போது நடுநிலை என்பது யாருக்குச் சாதகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

திறந்த மூலத்துக்கு மாறிய அரசாங்கங்களைப் பற்றிப் பேசினால், எதிர்வாதம் செய்வோர் உடனே மியூனிக் நகரை இழுப்பார்கள். அந்த ஜெர்மானிய நகராட்சி 2003இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மரே நேரில் பறந்து வந்தார். 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. 2017 நவம்பரில் நகர மன்றம் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப வாக்களித்தது. ‘பார்த்தீர்களா, தோல்வி!’ என்பார்கள். மைக்ரோசாஃப்டின் ஜெர்மானியத் தலைமையகம் 2016இல் மியூனிக் நகருக்குள்ளேயே இடம் மாறியதை மற்றொரு தரப்பினர் அர்த்தத்தோடு சொல்வதுண்டு. அந்தச் சந்தேகத்தின் மேல் வாதத்தைக் கட்ட நான் விரும்பவில்லை. வெளி அலுவலகங்கள் வேறு வடிவக் கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு நகராட்சி மட்டும் தனித்து நிற்பது உண்மையிலேயே சிரமம்.

ஆனால் மியூனிக்கை இழுப்பவர்கள் பிரெஞ்சு ஜொந்தாமெரி காவல்படையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகள் கொண்ட அந்தப் படை எந்த வரிசையில் மாறியது என்பதைக் கவனியுங்கள். 2005இல் ஓப்பன் ஆபிஸ். 2006இல் பயர்பாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்ட் மின்னஞ்சலும். 2008இல்தான் உபுண்டு லினக்ஸ். அதாவது, காவலர்கள் நாள்தோறும் கையால் தொடும் மென்பொருள்கள் முதலில் மாறின. அடியில் இருக்கும் இயங்குதளம் கடைசியில் மாறியது. உலாவியை மாற்றிய உடனேயே, ‘எங்கள் அகப்பயன்பாடுகள் எல்லாம் எந்த உலாவியிலும் இயங்க வேண்டும்’ என்ற கட்டாயம் பிறந்துவிடுகிறது. அது தீர்ந்த பிறகு அடியில் விண்டோஸ் இருந்தால் என்ன, லினக்ஸ் இருந்தால் என்ன? இதைத் தலைகீழாகச் செய்யப் போகிறவர்கள், ஆக்டிவ்-எக்ஸ் கேட்கும் ஒரே ஒரு சம்பளக் கணக்குப் பயன்பாட்டினால் முழுத் திட்டத்தையும் கைவிட நேரலாம். உலாவி சின்ன விஷயம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. இணையத்தில் தமிழ் தவழத் தொடங்கியதே இந்த வட்டாரத்தில்தான். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது, தமிழ்ப் பக்கங்களுக்காக உழைத்தவர் நா. கோவிந்தசாமி. நம் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் தட்டச்சு பழகிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் அன்றைய தமிழ் நாளிதழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவும் ஆளுக்கொரு குறியீட்டு முறையும் வைத்திருந்தன. பலவும் ‘இயங்கு எழுத்துரு’ என்ற உத்தியைக் கையாண்டன. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும். ஆனால் இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும். லினக்ஸ் வைத்திருந்தவன் தமிழ்ச் செய்தி படிக்கப் போனால் லத்தீன் எழுத்துக் குப்பைதான் கிடைக்கும். கொரியர்கள் சட்டத்தால் மாட்டிக்கொண்டார்கள். நாம் ஒரு சட்டமும் இல்லாமலே மாட்டிக்கொண்டோம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டியது மைக்ரோசாஃப்டின் உலாவிதான். விண்டோஸ் 2000லேயே ‘லதா’ எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. அதே காலத்தில் திறந்த மூல அன்பர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பயர்பாக்சோ, இருபுறமும் சமமாக நிரவிய தமிழ்ப் பத்தியைக் கண்டால் தடுமாறியது. கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறிவிடும். வலைப்பதிவு எழுதிய நண்பர்கள், ‘தயவுசெய்து பத்தியை நிரவாதீர்கள்’ என்று ஒருவரையொருவர் கெஞ்சிக்கொண்ட காலம் அது. 2008 ஜூனில் பயர்பாக்ஸ் 3 வந்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, வழு இருந்தது என்பது அல்ல. அந்த வழு எல்லோரும் பார்க்கும்படி பதிவாகியிருந்தது. திருத்தப் போதிய திறமை உள்ள எவரும் கை வைக்கலாம் என்ற நிலையும் இருந்தது. மூடிய மென்பொருளில் இப்படி ஒரு கோளாறு இருந்தால், நம் மொழிக்கு எப்போது சந்தை மதிப்பு வரும் என்று காத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு வேலை இல்லை.

இண்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒழிந்தது, கதை முடிந்தது என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். இன்று உலகில் மிகப் பெரும்பாலோர் கூகல் குரோமைத்தான் பயன்படுத்துகிறார்கள். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியே 2020 ஜனவரி முதல் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மீதுதான் ஓடுகிறது. குரோமியம் திறந்த மூல மென்பொருள்தான். ஆனாலும் அது எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது ஒரே நிறுவனம். ஆகவே ‘திறந்த மூலம்’ என்ற முத்திரை மட்டும் நம்மைக் காப்பாற்றாது. சிங்கப்பூரிலும் இதைப் பார்த்தோம். 2020 மார்ச்சில் வந்த ‘டிரேஸ்டுகெதர்’ செயலியின் மூல நிரலை அரசாங்கம் அடுத்த மாதமே வெளியிட்டது. ஆஸ்திரேலியா அதைத் தழுவித் தன் செயலியை உருவாக்கியது. முன்மாதிரியான செயல். ஆனால் அந்தத் தரவுகளைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்பது 2021 ஜனவரியில் தெரிய வந்தபோது மக்கள் அதிர்ந்தார்கள். நிரலைத் திறந்து வைத்ததால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடவில்லை.

எனவே என் கோரிக்கை, நாளைக்கே புத்ராஜெயா முழுவதும் லினக்சுக்கு மாற வேண்டும் என்பது அல்ல. அப்படி மாறினாலும் நடத்த ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், அமைச்சர் மாறினாலும் மாறாத பொறுமை வேண்டும். நான் கேட்பது அதைவிடச் சிறியது: அரசாங்கச் சேவைக்கான ஒவ்வொரு குத்தகை ஒப்பந்தத்திலும், ‘இச்சேவை பொதுத் தரங்களைப் பின்பற்றும் எந்த உலாவியிலும் இயங்க வேண்டும், கோப்புகள் திறந்த வடிவத்தில் இருக்க வேண்டும், பொதுப் பணத்தில் எழுதிய நிரல் பொதுவில் இருக்க வேண்டும்’ என்ற மூன்று நிபந்தனைகள். இது ஆகாத காரியம் அல்ல. பிரிட்டிஷ் அரசாங்கம் 2014 ஜூலையிலேயே தன் ஆவணங்களுக்குத் திறந்த வடிவங்களைக் கட்டாயமாக்கியது. நம் சுகாதார அமைச்சு 2021இல் கோவிட் தரவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தபோது, நம் மாணவர்களே அவற்றிலிருந்து வரைபடங்கள் வரைந்து காட்டினார்கள்.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020இல் தொடங்கிய கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களும் பங்காளிகள். ஒன்றுக்கு மூன்று என்பது நல்லதே. ஆனால் மூன்றுமே விற்பனையாளர்கள். தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு லிப்ரே ஆபிஸ் என்று ஒன்று உண்டு, அதைத் தமிழ் இடைமுகத்தோடு காசில்லாமல் வீட்டுக் கணினியில் நிறுவலாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் வியாபாரக் காரணம் கிடையாது. அதை நம்மைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பயர்பாக்ஸ் தமிழிலும் கிடைக்கிறது. அதன் தமிழைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மொழிபெயர்க்கப்படாத சொற்றொடர்கள் அவர்கள் முன் வந்து நிற்கின்றன. கணினித் துறையில் படிக்கும் தமிழ் மாணவர்களும் தமிழ்த் துறையில் படிக்கும் மாணவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அது. மொழிப் போட்டிகளுக்கும் கலை இரவுக்கும் நாம் ஒதுக்கும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை போதும், தொடங்கிவிடலாம்.