இரண்டு வெள்ளையும் ஒன்றல்ல

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று ஐவரி, பக்கத்திலேயே சாம்பல் ஓடிய வெள்ளை. "இரண்டும் வெள்ளைதானே, எதையாவது போடு" என்கிறார் கூட வந்த கணவர். சகோதரிகளே, அவசரப்பட்டுத் தலையை ஆட்டிவிடாதீர்கள்! அடித்த பிறகு வருஷக் கணக்கில் அந்தச் சுவருக்கு நடுவே இருக்கப் போகிறவர்கள் நீங்கள்.

சுண்ணாம்பு அடிக்கும்போது அதில் சிறிது நீலம் கலப்பது நம் வழக்கம். இலேசான மஞ்சளை நீலம் அடக்கிப் பளிச்சென்று காட்டும். இங்கும் அதே வித்தைதான். வெள்ளையில் துளி மஞ்சள் சேர்ந்தால் ஐவரிச் சாயல். துளி கறுப்பு சேர்ந்தால் சாம்பல் சாயல். இன்றைக்குக் கடையில் இயந்திரமே அளந்து கலந்துவிடுகிறது. ஆனால் கார்டிலுள்ள விரலகலச் சதுரத்தில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. நாலு சுவரிலும் ஏறிய பிறகுதான் தெரியும்.

எது எங்கே பொருந்தும்? வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது. அந்த வெளிச்சத்தில் சற்று நீலம் உண்டு. சாம்பல் வெள்ளை அங்கே அழுது வடியும், ஐவரிதான் உசிதம். மேற்கு வெயில் கொட்டும் கூடத்திலோ, மாலையில் ஐவரி மேலும் மஞ்சளாகிவிடும். அங்கே சாம்பல் வெள்ளை கண்ணுக்குக் குளிர்ச்சி. சிவப்புச் சிமெண்டுத் தரையானால் அதன் சாயலும் சுவரில் ஏறும்.

ராத்திரியை மறக்கலாமா? எல்.இ.டி. பல்பின் பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றால் நீலம் பாய்ந்த வெளிச்சம். 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம். பல்பை மாற்றினால் சுவரும் வேறாகத் தோன்றும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டிலும் சிறிய டப்பா ஒவ்வொன்று வாங்கி, இரண்டடி அட்டைகளில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் காகிதம் ஒன்றை வையுங்கள். ஒளிந்திருந்த மஞ்சளும் சாம்பலும் உடனே வெளிப்பட்டுவிடும்! அட்டைகளைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, மத்தியானம், விளக்குப் போட்ட பின் என்று மூன்று வேளையும் பாருங்கள்.

அந்த அறையில் எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் எது அழகாக இருக்கிறதோ, அதுவே உங்கள் வெள்ளை. அதன் ஷேட் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் சுவரில் சித்திரம் தீட்டும் நாளில் அவசியம் தேவைப்படும்!